தமிழும் மலையாளமும் புழங்கும் கணினியில் பாஷ் ஷெல்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், எங்கள் கொழிஞ்சாம்பாறையில் மின்சாரம் அடிக்கடி போய்வரும். மனுக்களையும் பத்திர நகல்களையும் தமிழிலும் மலையாளத்திலும் தட்டச்சு செய்து கொடுக்கும் சிறிய கணினி மையத்தை இங்கே நடத்திவருகிறேன். மேசையில் இருப்பது லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு நிறுவிய பழைய கணினி. அதற்கு யுபிஎஸ் கிடையாது. ஸ்கேன் செய்த படங்களை ஒரே பிடிஎஃப் கோப்பாகத் தொகுப்பதற்கு நெடுநேரம் முயன்று சரிசெய்த ஒரு நீண்ட கட்டளை, ஒருநாள் மின்சாரம் போனதோடு போயிற்று. மறுபடி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தைத் திறந்து மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய நாளின் கட்டளைகளே வந்தன.

முனையத்தில் நாம் இடும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர்; உபுண்டுவில் அது பாஷ். பாஷ், அந்தக் கட்டளைகளை நினைவகத்தில் வைத்திருந்து, ஷெல்லை முறையாக மூடும்போதுதான் வரலாற்றுக் கோப்பில் எழுதுகிறது. இதை மாற்ற, வீட்டு அடைவில் (ஹோம்) புள்ளியுடன் தொடங்கும் பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து, ‘பிராம்ப்ட் கமாண்ட்’ என்ற மாறிக்கு ‘ஹிஸ்டரி’ என்ற கட்டளையைக் கழித்தல் குறியுடனும் சிறிய ‘ஏ’ எழுத்துடனும் மதிப்பாகக் கொடுக்க வேண்டும். மாறியின் பெயர் முழுவதும் பெரிய எழுத்துகளில், இரு சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடன் இருக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கட்டளையும் முடிந்தவுடனே வரலாற்றுக் கோப்பில் சேர்ந்துவிடும். லினக்ஸ் வட்டில் சற்றுத் தாமதித்தே எழுதுவதால் கடைசி அரை நிமிடத்துக் கட்டளை தவறக்கூடும், ஆனால் ஒருநாள் உழைப்பு தப்பிவிடும். உபுண்டு இயல்பாக அந்தக் கோப்பில் 2000 வரிகளையே வைத்துக்கொள்கிறது. நான் 50000 என்று உயர்த்திக்கொண்டேன்.

எல்லாக் கட்டளைகளையும் சேமிப்பது நல்லதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் மின்ஆதார் பிடிஎஃப் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. க்யூபிடிஎஃப் என்ற நிரலைக் கொண்டு பூட்டைத் திறக்கும் கட்டளையில் அதை இட்டால், அவருடைய விவரம் என் கணினியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். உபுண்டுவின் இயல்பான அமைப்பில், வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்த கட்டளை வரலாற்றில் ஏறாது. பிறருடைய ஆவணங்களைக் கையாளும் ஒவ்வொருவரும் இந்த ஒரு பழக்கத்தையாவது கைக்கொள்ள வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

விசைப்பலகையில் நான் தமிழுக்கான தமிழ்99 முறையை விட்டு, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் முறைக்கு மாறினேன். தமிழ் மட்டும் எழுதுவோருக்குத் தமிழ்99 விரைவானது, அதில் ஐயமில்லை. ஆனால் இன்ஸ்கிரிப்டில் தமிழின் ககரமும் மலையாளத்தின் ககரமும் ஆங்கில ‘கே’ விசையிலேயே அமைந்திருப்பதால், இரு மொழிகளுக்கும் விரல் பழக்கம் ஒன்றே போதும். கேரளப் பள்ளிகளில் மலையாளத் தட்டச்சு கற்ற பிள்ளைகள் இங்கே வந்து அமர்ந்தாலும் தடுமாறுவதில்லை.

கோப்புகளின் பெயர்களைத் தமிழில் வைப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை, ஆனால் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது நீளம். லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட்டுகளையே அனுமதிக்கிறது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்கிறது. ‘கொழிஞ்சாம்பாறை’ என்று ஏழெழுத்தாக நாம் படிக்கும் பெயரில், கொம்பு, கால், புள்ளி போன்றவையும் தனித்தனியே எண்ணப்பட்டு 14 குறிகள் இருப்பதால், அதற்கே 42 பைட்டுகள் செலவாகின்றன. மனுவின் பொருளை முழுவதுமாகப் பெயரில் எழுதினால் பிழைச் செய்தியே கிடைக்கும்.

இரண்டாவது, பெயரின் தொடக்கம். நான் ஒவ்வொரு பெயரையும் 0417 போன்ற வரிசை எண்ணில் தொடங்குகிறேன். இதனால் விசைப்பலகையை ஆங்கிலத்திலிருந்து மாற்றாமலே எண்ணைத் தட்டி டேப் விசையை அழுத்த, மீதித் தமிழ்ப் பெயரை ஷெல்லே நிரப்பிவிடுகிறது. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் அமைந்திருப்பதால் குறி எண்ணின்படி அடுக்கும்போது நேரும் வரிசைக் குழப்பமும் தீர்கிறது. சில முனையங்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியலாம். அது திரையில் காட்டும் முறையின் குறைதானே தவிர, கோப்பின் பெயர் சிதைந்துவிடவில்லை.

பாஷ்ஆர்சியில் செய்த மாற்றங்கள் ஏற்கெனவே திறந்திருக்கும் முனையத்தில் தாமாக வந்துவிடுவதில்லை; புதிய முனையம் ஒன்றைத் திறந்து, ஒரு கட்டளையை இட்டு, அதை மூடாமலே வரலாற்றுக் கோப்பின் கடைசி வரியைப் பார்த்தால் அமைப்பு வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.