கித்தா (ரப்பர்) மரத்தில் ஸ்கீ பலகை: பைண்டிங் பிடுங்காமல் நிற்க என்ன செய்தேன்

தம்பி நியூசிலாந்தில், குவீன்ஸ்டவுனில் வேலை செய்கிறான். அங்கே ஜூன் மாதத்தில் பனிச்சறுக்குப் பருவம் தொடங்கிவிடும். அவனுக்காக ஒரு ஜோடி ஸ்கீ பலகை மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உள்ள என் பட்டறையில் தயாராகிறது. "அண்ணே, பலகை கொஞ்சம் கனமா இருந்தாலும் பரவாயில்ல. வேகமா இறங்குறப்போ பைண்டிங் மட்டும் பிடுங்கிக்கிட்டு வரக்கூடாது" என்றான். பைண்டிங் என்பது பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் பூட்டு. அது பிடுங்காமல் இருப்பது ஒன்றைத்தான் அவன் கேட்டான். அதனால் பலகையை ஒட்டி அழுத்தும் அச்சும் சட்டமும் முடிந்ததும் வேறு எதையும் தொடாமல் பைண்டிங்கில் இறங்கிவிட்டேன்.

பைண்டிங் ஸ்க்ரூவின் தடிமன் சுமார் 5.5 மில்லிமீட்டர். பலகைக்குள் இறங்குவது 9 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் அடிப்பக்கம் புடைத்துக்கொள்ளும். அந்தச் சின்ன ஆழத்தில் ஸ்க்ரூவைப் பிடித்து வைப்பது மரம். பிடிமானம் மரத்தின் அடர்த்திக்கு நேராகக் கூடுவதில்லை, ஏறக்குறைய அதன் வர்க்கத்துக்குக் கூடுகிறது. அதாவது இரண்டு மடங்கு அடர்த்தியான மரம் நான்கு மடங்கு பிடிக்கும்.

நம் பக்கம் கிடைக்கும் பத்தாய் மரம் இலேசு, ஸ்கீயின் உள்ளே வைக்கும் நடுமரத்துக்கு ஆசை காட்டும். அதன் அடர்த்தி கித்தா மரத்தில் பாதி. இரண்டிலும் மாதிரித் துண்டு செய்து, மேலும் கீழும் ஃபைபர் கிளாஸ் ஒட்டி, ஸ்க்ரூவில் இரும்புத் தகடு பூட்டி, செயின் பிளாக்கில் தொங்கு தராசு மாட்டி இழுத்தேன். பத்தாய் 70 கிலோ வாக்கில் விட்டுவிட்டது. ஸ்க்ரூ வெளியே வந்தபோது அதன் புரிகளில் மரம் மாவாக ஒட்டியிருந்தது. கித்தா 200 கிலோவைத் தாண்டியும் நின்றது. கடைசியில் விட்டபோதும் கூம்பு வடிவத்தில் ஒரு மரக்கட்டியையும் கிளாஸையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டுதான் வந்தது. அந்தக் கட்டியை மேசை மேல் வைத்திருக்கிறேன், பார்க்கவே தெம்பாக இருக்கிறது.

அதனால் ஓரங்களில் பத்தாய், பைண்டிங் உட்காரும் நடுப்பகுதியில் கித்தாக் கீற்றுகள். காலுக்கு அடியில் மட்டும் ஒரு துண்டு பதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கெட்டியான துண்டு சட்டென்று முடியும் இடத்தில் பலகை மடங்கப் பார்க்கும். கீற்றுகளை முனைவரை ஓடவிட்டேன். பைண்டிங் இடத்தில் கூடுதலாக ஒரு அடுக்கு ஃபைபர் கிளாஸ் போட்டு, அதன் முனைகளைப் படிப்படியாகக் குறைத்தேன்.

இங்கே பெரிய எதிரி ஈரம். கித்தா மரத்தை அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றி உலர்த்தாவிட்டால் நீலப்பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். அந்த வேலையைத் தளவாட (மரச்சாமான்) தொழிற்சாலையே செய்துவிடுகிறது, நான் அங்கே மிஞ்சும் துண்டுகளைத்தான் வாங்குகிறேன். ஆனால் நன்றாக உலர்ந்த மரமும் நம் கொட்டகையில் கிடந்தால் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதே மரம் குளிர்ந்த, வறண்ட ஊருக்குப் போனால் சுருங்கும், புரிகளின் பிடி தளரும். ஆகவே பல்பு எரியும் ஒரு மூடிய பெட்டியில் கீற்றுகளை வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை தராசில் போட்டுப் பார்த்தேன். எடை நிலைத்த பிறகுதான் எப்பாக்சி கலந்தேன். நம் வெயிலில் எப்பாக்சி சீக்கிரம் சூடேறிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும்.

அப்புறம் துளை. உள்ளே உலோகத் தகடு இல்லாத பலகைக்கு 3.6 மில்லிமீட்டர் பிட், தகடு இருந்தால் 4.1. ஆழம் தாண்டாதிருக்க பிட்டில் ஒரு நிறுத்து வளையம் மாட்டினேன். துளையின் வாயை லேசாகச் சரிவாக்குவது முக்கியம். இல்லாவிட்டால் ஸ்க்ரூ இறங்கும்போது மேல்தாள் எரிமலை வாய் மாதிரி எழும்பும், பைண்டிங் பலகையோடு படியாது. படியாத பைண்டிங் ஆடும், ஆடினால் துளை அகலும். தூளை ஊதிவிட்டு, துளைக்குள் மரப்பசை ஒரு சொட்டு. முறுக்கும்போது அது வழுக்கலாக உதவும், காய்ந்தபின் பனி உருகிய நீரை உள்ளே விடாது. எப்பாக்சியும் போடலாம், ஆனால் பிறகு கழற்ற வேண்டுமென்றால் ஸ்க்ரூவை சால்டரிங் அயர்னால் சூடாக்க வேண்டியிருக்கும்.

ஸ்க்ரூவின் தலை போசிடிரைவ் 3, நட்சத்திரத் தலை போலவே தெரியும், ஆனால் வேறு வகை. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் அதில் நழுவி தலையைத் தின்றுவிடும். பவர் டிரில்லால் முறுக்கவும் கூடாது. கையால் முறுக்கினால்தான் மரம் 'போதும்' என்று சொல்வது மணிக்கட்டுக்குத் தெரியும். கழற்றி மறுபடி போடும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்ப வேண்டும். 'டிக்' என்று பழைய புரியில் விழும், அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கலாம். இல்லையென்றால் புதுப்புரி வெட்டி, பழைய பிடியைக் கெடுத்துவிடும்.

இப்போது இரண்டு பலகையிலும் பைண்டிங்கின் முன்துண்டும் பின்துண்டும் பூட்டியாகிவிட்டது. பூட்ஸைப் பூட்டி, பலகையை மேசையில் கட்டி, பூட்ஸின் கழுத்தைப் பிடித்து முழு பலத்தோடு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டினேன். பைண்டிங்கின் அடியில் ஒரு தாள்கூட நுழையவில்லை. விழும்போது பூட்ஸை எந்த விசையில் விடுவிக்க வேண்டும் என்ற அளவை நான் தொடவில்லை. அது தம்பியின் எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், சறுக்கும் திறமை பார்த்து, அங்குள்ள ஸ்கீ கடையில் கருவி வைத்துச் சரிசெய்ய வேண்டிய வேலை. முதல் நாள் சறுக்கி முடித்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கையால் தொட்டுப் பார்த்து, எது எவ்வளவு திரும்புகிறது என்று எனக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன்.