சராசரி கணக்கில் லாரி கிளம்பாது
அடுத்த மூன்று நாள் லோடு பிளானை இன்னும் சராசரி வைத்தே போடுபவர்கள் ஒருமுறை சிமுலேஷன் (கிடங்கு வேலையைக் கணினியில் மாதிரியாக நடத்திப் பார்ப்பது) ஓட்டிப் பாருங்கள். வண்டி வரும் இடைவெளியும் ஏற்றும் நேரமும் கண்டபடி மாறுகிற ஒரு டாக் (லாரியில் சரக்கு ஏற்றும் மேடை), வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாடல்படியே, 80 சதவீதம் பிஸியாக இருந்தால் அங்கே ஏற்றிக்கொண்டிருப்பதையும் சேர்த்துச் சராசரியாக 4 வண்டி நிற்கும், 90 ஆனால் 9! எக்செல் இதைத் தானாகச் சொல்லாது.

ஆனால் காலிக் கிடங்கிலிருந்து மாடலைத் தொடங்காதீர்கள், குறுகிய காலத் திட்டத்துக்கு அது உதவவே உதவாது. இந்த நிமிடம் யார்டில் நிற்கும் வண்டி, பாதி ஏற்றிய லோடு, கையிருப்பு எல்லாம் அப்படியே உள்ளே போக வேண்டும். அப்புறம் ஒரே ஓட்டத்தை நம்பாமல் நூறு தடவையாவது ஓட்டி, எத்தனை தடவை டெலிவரி தாமதமாகிறது என்று பாருங்கள். கூடுதல் ஷிப்ட் போடுவதா, ஒரு லோடை நாளைக்குத் தள்ளுவதா என்பதை அதை வைத்து இன்றைக்கே முடிவு செய்யலாம்.