ஒரு படப்பிடிப்பு, நாலு தளம்: மட்டக்களப்பு – அம்பாறைச் சனல் குறிப்பேடு

11.07.2025, வெள்ளி

புதிதாகத் தொடங்குபவர் யூடியூப், பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் நாலிலும் ஒரே பெயரில் கணக்குத் திறந்து வைக்கலாம், செலவில்லை. உழைப்பைக் கொட்டும் இடம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். எங்கள் கணிப்பில் அது யூடியூப். பாசிக்குடாவுக்கு எந்த பஸ், மருதமுனைச் சாரம் (கைத்தறி லுங்கி) என்ன விலை என்று தேடுகிறவர் இரண்டு வருடம் கழித்தும் அதே வீடியோவுக்கு வந்து சேர்வார். பேஸ்புக், இன்ஸ்டகிராமின் குறுவீடியோவான ரீல்ஸ் பெரும்பாலும் ஒரு கிழமையில் அடங்கிவிடும். காசுப் பக்கமும் அப்படித்தான். டிக்டொக் ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோக்களுக்குப் பணம் தரும் திட்டம் இலங்கைக்குத் திறக்கப்படவில்லை. யூடியூப் பங்காளர் திட்டத்துக்கு இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம்.

விளம்பர வருமானத்துக்கு அங்கே கேட்பது 1,000 சப்ஸ்கிரைபர். அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வை, அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷோர்ட்ஸ் (யூடியூப்பின் குறுவீடியோ) பார்வை. 4,000 மணிநேரம் மலைப்பாகத் தெரிந்தால் பிரித்துப் பாருங்கள். எட்டு நிமிட வீடியோவைச் சராசரியாக நாலு நிமிடம் பார்க்கிறார்கள் என்றால் 15 பார்வைக்கு ஒரு மணிநேரம், மொத்தம் 60,000 பார்வை. தேடி வரும் தலைப்பில் முப்பது வீடியோ இருந்தால் ஒன்றுக்கு 2,000 பார்வைதான் வரவேண்டும். ஷோர்ட்ஸ் ஓடையில் கிடைக்கும் பார்வை நேரம் இந்த 4,000-இல் சேராது. ஷோர்ட்ஸ் மட்டும் போட்டுவிட்டு மணிநேரம் ஏறவில்லை என்று குழம்புபவர்களுக்குப் பதில் இதுதான்.

சனல் திறந்த கையோடு தொலைபேசி இலக்கத்தை உறுதிப்படுத்துங்கள். அது இல்லாமல் சொந்த முகப்புப் படம் போடவும் முடியாது, 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏற்றவும் முடியாது.

15.07.2025, செவ்வாய்

யூடியூப்பின் விதி ஒன்று இன்று முதல் புதிய பெயரில் வருகிறது: ஒரே அச்சில் மொத்தமாக உற்பத்தி செய்யும் வீடியோக்களுக்கு வருமானம் இல்லை. விதி பழையதுதான், சொல்லைத் தெளிவாக்கியிருக்கிறார்கள். அடுத்தவர் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடும் பேஸ்புக் கணக்குகளின் பரவலையும் வருமானத்தையும் வெட்டப்போவதாக அதன் தாய் நிறுவனமான மெட்டா நேற்று அறிவித்தது.

நம் பக்கத்தில் இதில் மாட்டக்கூடியவை எவை என்று எல்லாருக்கும் தெரியும். பத்திரிகைச் செய்தியை இயந்திரக் குரலில் வாசித்து, கூகுளில் எடுத்த படங்களை ஓடவிடுவது. மற்றவரின் டிக்டொக்கை எடுத்து மேலே சிரிக்கும் முகம் ஒன்றை ஒட்டுவது. எழுத்தை மாற்றி மாற்றி ஒரே பின்னணியில் நூறு ‘காலை வணக்கம்’ விடுவது. செய்திதான் சொல்லவேண்டும் என்றால் அந்த இடத்துக்குப் போய் இரண்டு காட்சி எடுத்து உங்கள் குரலிலேயே சொல்லுங்கள்.

‘நீ எனக்கு, நான் உனக்கு’ என்று சப்ஸ்கிரைப் மாற்றிக்கொள்ளும் வட்ஸ்அப் குழுக்களும் விதிமீறல்தான். அப்படிச் சேர்பவர்கள் பார்க்கமாட்டார்கள். பார்க்காதவர்கள் எண்ணிக்கை கூடுவதால் ஒரு பயனும் இல்லை.

19.07.2025, சனி

ஒரு படப்பிடிப்பிலிருந்து நாலு தளத்துக்கும் எடுப்பது பற்றி. உதாரணமாக மருதமுனையில் ஒரு கைத்தறி வீட்டை வைத்துக்கொள்வோம்.

போனை 4கே-யில் வைத்து அகலவாக்கில் எடுங்கள். அகலக் காட்சி 3840×2160. அதன் நடுவிலிருந்து நெட்டையாக வெட்டினால் 1215×2160 கிடைக்கும், ரீல்ஸுக்கு வேண்டிய 1080×1920-க்குத் தாராளம். 1080-இல் அகலமாக எடுத்து வெட்டினால் 608×1080 தான் தேறும், அதை இழுத்துப் பெரிதாக்கும்போது முகம் மெழுகுபோல் ஆகிவிடும். இடம் பற்றாத போனென்றால் முக்கியமான மூன்று காட்சியை மட்டும் தனியாக நெட்டையாகவும் எடுத்துவிடுங்கள்: தறி நாடா (நூலைக் கொண்டு ஓடும் கட்டை) ஓடும் நெருக்கம், நெய்பவரின் கால் மிதி, முடிந்த சாரத்தை உதறி விரிப்பது. போன் கமராவில் எச்டிஆரை (வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் வசதி) அணைத்து வையுங்கள். போனில் அழகாகத் தெரிந்தது தளத்தில் ஏறியதும் வெளுத்துப் போவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம்.

தறி வீட்டுக்குள் டியூப் லைட் இருந்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கிறது. கமராவைக் கைமுறைக்கு மாற்றி ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டினால் பட்டை மறையும். வெளியே வெயிலுக்கு வந்ததும் தானியங்கிக்குத் திருப்புங்கள், மறந்தால் எல்லாம் வெள்ளையாகிவிடும்.

தறிச் சத்தம் தொல்லை இல்லை, அதுதான் முதல் மூன்று வினாடிக்கான சொத்து. சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதிந்து வையுங்கள். பேட்டியின்போது மட்டும் தறியை நிறுத்தச் சொல்லி, சட்டை மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் இறக்கிக் குத்துங்கள். பேச்சின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெல்லுக்கும் இடையில் நிற்கட்டும். வெளியில் என்றால் இந்த மாதத்துக் கச்சான் (தென்மேற்கு) காற்று எந்த மைக்கையும் தின்றுவிடும். பஞ்சுறை போதாது, மயிருறை வேண்டும். அது இல்லாவிட்டால் மதிலின் மறைவுக்குப் போங்கள். காற்று ஏறிய குரலைப் பிறகு எந்த மென்பொருளும் சுத்தமாக மீட்டுத் தராது.

கல்லடிக் கடற்கரையில் எடுப்பவர்களுக்கு ஒன்று. கடல் நமக்குக் கிழக்கு. காலையில் கடலைப் பின்னால் வைத்தால் முகம் இருண்டுவிடும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனால் வெயில் ஊர்ப்பக்கமிருந்து முகத்தில் விழும், கடலும் நீலமாக வரும். வாவிக்கு நேர்மாறு. காலையில் கிழக்குக் கரையில் நின்று வாவியைப் பின்னால் வைத்து எடுக்கலாம், அஸ்தமனத்தில் ஆள் நிழலுருவாகத்தான் தெரிவார்.

சம்மதத்தைக் கமராவிலேயே பதிந்துவிடுங்கள். “நானா, முகமும் பேரும் வீடியோவில வந்தால் பரவாயில்லையா?” என்ற கேள்வியும் அவர் சொல்லும் பதிலும் போதும். விலை சொல்வாரா, தொலைபேசி இலக்கம் போடலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள். வீடியோ ஓடினால் அந்தத் தொலைபேசிக்கு நள்ளிரவிலும் கட்டாரிலிருந்து அழைப்பு வரும்.

24.07.2025, வியாழன்

ஆடி அமாவாசை. மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்கு நேரலை போடுபவர்கள் பலர்.

யூடியூப்பில் போனிலிருந்து நேரலைக்கு 50 சப்ஸ்கிரைபர் வேண்டும். நேரலையை முதன்முதல் இயக்கும்போது அனுமதி வர 24 மணிநேரம் வரை எடுக்கலாம், ஆகவே காலையில் குளக்கரையில் நின்று பொத்தானைத் தேடுவதில் பயனில்லை. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் தனியாக நேரலை நடத்த முடியாது என்பது 2025 ஜூலை 22ஆம் திகதியிலிருந்து நடைமுறை. கூட்டத்தில் எல்லாரும் ஒரே கைபேசிக் கோபுரத்தில் தொங்குவதால் ஏற்று வேகம் விழும். படத் தரத்தை 720-இல் வையுங்கள், வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். நேரலை முடிந்ததும் அதை அழிக்காமல் பொதுவாகவே விட்டால்தான் அதன் பார்வை நேரம் 4,000-இல் சேரும்.

இன்று குளத்தில் இறங்குபவர்கள் பிதிர்க்கடன் செய்ய வந்தவர்கள். நனைந்த உடையில் நிற்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், சட்டகத்துக்குள் வேண்டாம். தேர், கொடி, தூரத்துக் கூட்டம், மேளம் போதும். ட்ரோன் என்றால் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

30.07.2025, புதன்

வெட்டும் மேசை.

மருதமுனை வீடியோ எட்டு நிமிடம் என்றால் அதிலிருந்து மூன்று குறும்படத் துண்டு வரும். ஒவ்வொன்றும் 35–50 வினாடி, ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: ஒரு சாரம் நெய்ய எவ்வளவு நேரம், கைத்தறியா இயந்திரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, சாயம் போகாமல் எப்படித் துவைப்பது. நீள வீடியோவின் முதல் 40 வினாடியை அப்படியே வெட்டி ஒட்டினால் அதற்கு முடிவே இருக்காது, பார்ப்பவர் பாதியில் தள்ளிவிடுவார். ஷோர்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை போகலாம். போகலாம் என்பதற்காகப் போக வேண்டியதில்லை.

டிக்டொக்கில் ஏற்றியதைத் தரவிறக்கி இன்ஸ்டகிராமில் போடாதீர்கள். மற்றத் தளத்தின் முத்திரை தெரியும் ரீல்ஸைப் பரிந்துரைப்பதில்லை என்று இன்ஸ்டகிராம் 2021-இலேயே சொல்லிவிட்டது. முத்திரையில்லாத மூலக் கோப்பை ‘மூலம்’ என்ற தனிக் கோப்புறையில் வைத்து, அங்கிருந்தே நாலு இடத்துக்கும் ஏற்றுங்கள். ஒரு போனிலிருந்து மற்றதுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டொக்யுமெண்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடும்.

எழுத்து வைக்கும் இடம்: 1920 உயரத்தில் மேலே 270, கீழே 670 பிக்சலை வெறுமையாக விடுங்கள். கணக்குப் பெயரும் தலைப்பும் கீழ்ப்பகுதியை மூடும், வலது ஓரத்தில் லைக், கொமெண்ட் பொத்தான்கள் நிற்கும். இன்ஸ்டகிராம் பக்கத்தில் இப்போது முகப்புக் கட்டம் 3:4, ஆகவே தலைப்பு எழுத்து அட்டையின் நடுவில் இருக்கட்டும்.

தமிழ் வசனம்தான் அதிகம் பாழாகும் இடம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை வெட்டும் செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். ‘கொ’ என்பது கொம்பு வேறு, க வேறு, அரவு வேறாகப் பிரிந்து நின்றால் அந்தச் செயலிக்குத் தமிழ் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். அடோபி பிரீமியர் என்ற வெட்டும் செயலியில் தெற்காசிய எழுத்து இயந்திரத்தைத் தெரிவு செய்ய வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன் மூன்றும் இலவச எழுத்துருக்கள், சிறிய திரையிலும் தெளிவு. வரிக்கு மூன்று சொல், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். எஸ்ஆர்டி எனும் வசனக் கோப்பை யுடிஎப்-8 (யுனிகோடு முறை) ஆகச் சேமிக்காவிட்டால் யூடியூப்பில் கேள்விக்குறி வரிசை மட்டும் வரும்.

ஏற்றும்போது 1080-க்கு வினாடிக்கு 8 மெகாபிட் போதும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்பி, எட்டு நிமிடம் 480 எம்பி. டேட்டா பக்கேஜ் பார்த்து வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும். இன்ஸ்டகிராம் அமைப்பில் ‘உயர்தரத்தில் ஏற்று’ என்பதைத் தொட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அது தன் பாட்டில் தரத்தைக் குறைக்கும்.

03.08.2025, ஞாயிறு

எப்போது போடுவது? நம் ஊர்ச் சனல்களைப் பார்ப்பவர்களில் கணிசமானோர் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். இலங்கையில் இரவு 9.30 என்றால் கட்டாரில் 7, சுவிஸில் 6, லண்டனில் 5, டொரொண்டோவில் நண்பகல். எல்லாரையும் ஓரளவு தொடும் நேரம் அதுதான். ஒக்டோபர் கடைசியில் ஐரோப்பாவும் நவம்பர் தொடக்கத்தில் கனடாவும் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்தள்ளும்போது கணக்கை மாற்றுங்கள்.

ஒழுங்கு இப்படி: முதலில் நீள வீடியோ. அடுத்த நாள் ஷோர்ட்ஸ். விளக்கத்தில் போடும் லிங்க் ஷோர்ட்ஸில் 2023 ஓகஸ்ட் 31-இலிருந்து அமுங்காது, அதனால் யூடியூப் ஸ்டூடியோவில் ‘தொடர்புடைய வீடியோ’ என்ற இடத்தில் நீள வீடியோவை இணைக்க வேண்டும். அதற்கடுத்த நாட்களில் ரீல்ஸ், டிக்டொக். உறவினர் வட்ஸ்அப் குழுவில் லிங்கைக் கடைசியாகப் போடுங்கள், அல்லது போடாதீர்கள். மச்சான் திறப்பார், லைக் போடுவார், 20 வினாடியில் மூடுவார். சராசரி பார்வை நேரம்தான் விழும்.

தலைப்பில் ஊர்ப் பெயர் முன்னால் வரட்டும். ஒரே இடத்தை அறுகம்பை என்றும் அறுகம் குடா என்றும் தேடுகிறார்கள். ஒன்றைத் தலைப்பிலும் மற்றதை விளக்கத்தின் முதல் வரியிலும், ஆங்கில எழுத்தில் ஒரு தடவையும் போட்டால் போதும்.

இன்ஸ்டகிராம் நேரலைக்கு இனி 1,000 பின்தொடர்பவர் வேண்டும். சிறிய கணக்குகளுக்கு அந்தக் கதவு இப்போதைக்குப் பூட்டு.

09.08.2025, சனி

சினிமாப் பாட்டு. ‘பத்து வினாடி என்றால் பிரச்சினை இல்லை’ என்பது வெறும் கதை, அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. யூடியூப்பில் உரிமைக் கோரல் வந்தால் பெரும்பாலும் அந்த வீடியோவின் வருமானம் உரிமையாளருக்குப் போகும். ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட ஷோர்ட்ஸுக்கு அப்படிக் கோரல் வந்தால் வீடியோவே உலகெங்கும் முடங்கும். கோரல் வேறு, ஸ்ட்ரைக் (உரிமையாளர் முறையிட்டு வீடியோவை நீக்கவைப்பது) வேறு. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் என்றால் சனல் போய்விடும். யூடியூப் ஓடியோ நூலகத்தில் எடுத்த இசையை பேஸ்புக்கிலும் போட நினைத்தால் உரிமத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பின்னணி இசை வேண்டாம் என்று கேட்கும் பார்வையாளர்களும் இங்கு உண்டு. தறிச் சத்தம், அலை, சந்தை இரைச்சல், குரல் மட்டும் வைத்து வெட்டிப் பாருங்கள். உரிமைச் சிக்கலும் தீரும், எங்கள் கண்ணுக்கு வீடியோவும் அதனால் கெடுவதில்லை.

16.08.2025, சனி

காசு வரும் வழி. அட்சென்ஸில் (கூகுள் விளம்பரப் பணம் தரும் கணக்கு) 10 டொலர் சேர்ந்ததும் கூகுள் தபாலில் ஒரு இரகசிய இலக்கம் அனுப்பும். தபாற்காரர் அடையாளம் காணும் முகவரியை எழுதுங்கள்: வீட்டு இலக்கம், ஒழுங்கை, கிராமம், தபாலகக் குறியீடு. குடும்பத் தலைவர் பெயரால்தான் வீடு தெரியும் என்றால் தபாலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூன்று கிழமையில் வராவிட்டால் மீண்டும் கேட்கலாம். நாலு மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரம் நிற்கும்.

100 டொலர் ஆன பிறகே வங்கிக்கு வரும். அட்சென்ஸ் பெயரும் வங்கிப் புத்தகத்துப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். முதலெழுத்தை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதினால் பணம் திரும்பிப் போகக்கூடும். கிளையிடம் சுவிப்ட் குறியீட்டையும் (வங்கியின் சர்வதேச அடையாளம்), வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு என்ன கழிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பத் தவறினால் மொத்த வருமானத்திலும் 24 வீதம் வரை பிடிக்கலாம். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளரிடமிருந்து வரும் பகுதிக்கு மட்டும்தான் பிடிப்பு. நம் நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல் இப்படி வரும் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு உச்ச வரி 15 வீதம், ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணத்துக்கு மேற்பட்ட தொகைக்கு. ரின் எனும் வரி செலுத்துவோர் இலக்கத்தை எடுத்து வைப்பது நல்லது.

23.08.2025, சனி

எண்களில் மூன்றை மட்டும் பாருங்கள். நீள வீடியோவில் 30ஆம் வினாடியில் எத்தனை வீதம் பேர் மிச்சம். ஷோர்ட்ஸில் பார்த்தவர் எத்தனை, தள்ளியவர் எத்தனை. இன்ஸ்டகிராமில் எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள், ஏனென்றால் அறியாதவர்களிடம் கொண்டு போவதில் அந்த அனுப்பலுக்குப் பெரிய பங்கு உண்டு. லைக் எண்ணிக்கை பார்க்கச் சந்தோஷம், வேறொன்றுக்கும் உதவாது.

ஷோர்ட்ஸ் பார்வை 2025-இல் திடீரென்று கூடியதைப் பார்த்து மகிழ்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். அந்த வருடம் மார்ச் 31 முதல் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. பழைய கணக்குக்கு நெருங்கியது ‘ஈடுபட்ட பார்வை’ என்ற நிரல், வருமானமும் தகுதியும் அதை வைத்துத்தான்.

கணக்குப் பாதுகாப்பு. ‘உங்கள் பக்கம் உரிமையை மீறியது, 24 மணிநேரத்தில் நீக்கப்படும்’ என்று மெசெஞ்சரில் வருவது மெட்டா அனுப்புவதல்ல. அனுசரணை ஒப்பந்தம் என்று வரும் கோப்பைக் கணினியில் திறந்தால் கடவுச்சொல் கேட்காமலேயே சனலைத் தூக்கிவிடுவார்கள். நாலு தளத்திலும் இருபடி உறுதிப்பாட்டைப் போடுங்கள், குறுஞ்செய்தியைவிட ஒதென்டிகேட்டர் செயலி மேல். பேஸ்புக் பக்கத்துக்கு நம்பிக்கையான இரண்டாவது நிர்வாகி ஒருவர் வேண்டும். மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, தேசிய அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள்.