எஃகு வட்டைத் தண்ணீரில் போட்டுச் சோதித்த அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்குச் சோறு போடுவது செம்பனை ஆலைகள்தான். தேய்ந்த ஷாஃப்ட், பல் உடைந்த சக்கரம், பிரஸ் ஸ்க்ரூ என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து லோரியில் வந்து இறங்கும். அளவு சரியாக இருந்தால் போதும், இரும்புக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த ஆலையும் கேட்டதில்லை. ஈப்போவிலிருந்து வந்த ஓர் ஆர்டர்தான் முதன்முதலாகக் கேட்டது. ஃபோர்ஜ் செய்த, அதாவது காய்ச்சி அடித்து உருவாக்கிய எஃகு வட்டுகள், 80 மில்லிமீட்டர் தடிமன். பல் வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தண்ணீரில் மூழ்கவைத்து, புரோப் என்ற கருவியால் ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியைப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை செய்து ரிப்போர்ட்டோடு அனுப்ப வேண்டும். உள்ளிருந்து வரும் எதிரொலி, 2 மில்லிமீட்டர் துளை தரும் எதிரொலியைத் தாண்டினால் அந்த வட்டு தள்ளுபடி.

"ஜெல் தடவி கையால புரோப் வெச்சுப் பார்த்தா பத்தாதா தம்பி? இதுக்கு எதுக்குத் தொட்டி?" என்றார் எங்கள் ஃபோர்மேன் அண்ணன். சோதனைக்கு வந்திருந்த தம்பி பொறுமையாகப் பதில் சொன்னார். "கையால அழுத்துற பலம் ஒரே மாதிரி இருக்காதுண்ணே. ஜெல் கொஞ்சம் தடிச்சாலும் எதிரொலியோட உயரம் மாறிடும். அதோட, புரோப் கிளப்புற அதிர்வு அடங்குறதுக்குள்ள மேல் பரப்புக்கு அடியில இருக்குறது மறைஞ்சு போயிடும். தண்ணியில வெச்சா அந்த அதிர்வு வழியிலேயே அடங்கிடும்." அண்ணனுக்குப் பாதிதான் திருப்தி. ஆனாலும் பழைய ஸ்டெயின்லெஸ் தொட்டி ஒன்றைத் தேடிப்பிடித்து, அடியில் சுழல்மேசையும் மேலே புரோப் நகர ஒரு சறுக்குச் சட்டமும் வைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

மெஷின் தகராறு செய்யவில்லை. படுத்தி எடுத்தது தண்ணீர். ஒலி தண்ணீரிலிருந்து எஃகுக்குள் நுழையும் இடத்திலேயே ஆற்றலில் ஏறத்தாழ 88 சதவீதம் திரும்பிவிடுகிறது. உள்ளே போவது 12 சதவீதம். அடிப்பரப்பில் பட்டுத் திரும்பி வெளியே வரும்போது அதிலும் 12 சதவீதம்தான் தேறும். நூறு அனுப்பினால் ஒன்றரை கூட முழுசாகக் கைக்கு வராது. இந்த லட்சணத்தில் வட்டின் மேல் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்தால், அந்த இடத்தில் ஒலி உள்ளே போகவே போகாது.

குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினால், அது வெதுவெதுப்பாக ஆக ஆகக் கரைந்திருந்த காற்று பிரிந்து வட்டு முழுக்கப் பொடிப்பொடியாக ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதும் இருக்கும். ஆகவே முதல் நாள் மாலையே தொட்டியை நிரப்பி ஆறவிட்டோம். பரப்பு நன்றாக நனைய ஒரு திரவமும், துருவைத் தடுக்க ஒரு மருந்தும் கலந்தோம். வட்டை இறக்கிய பிறகு மெல்லிய தூரிகையால் தண்ணீருக்குள்ளேயே ஒரு தடவு. அதற்குப் பிறகுதான் திரையில் கோடுகள் நிலைத்து நின்றன.

வெயிலும் சேர்ந்துகொண்டது. எங்கள் பட்டறைக்குத் தகரக் கூரை. தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால் அதில் ஒலி விநாடிக்கு 1497 மீட்டர் போகும், 30 டிகிரிக்கு ஏறினால் 1509. அற்ப வித்தியாசமாகத் தெரிகிறதா? புரோப்புக்கும் வட்டுக்கும் இடையிலுள்ள 70 மில்லிமீட்டர் தண்ணீரில் போய்வரும்போது எஃகில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சமமான பிசகு வந்துவிடும். தம்பி ஆழத்தை மேல் பரப்பின் எதிரொலியிலிருந்தே எண்ணும்படி கருவியை வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க 2 மில்லிமீட்டர் துளை போட்ட கட்டையும் அதே தொட்டியிலேயே கிடந்தது. அந்தத் துளையின் வாயை அடைத்து, உள்ளே தண்ணீர் புகாமல் வைத்திருக்க வேண்டும். புகுந்தால் எதிரொலி மாறிவிடும்.

அந்த 70 மில்லிமீட்டர் எப்படி வந்தது என்று கேட்டேன். புரோப்பின் குவியம், அதாவது ஒலி ஒன்றுகூடும் தூரம், தண்ணீரில் 150 மில்லிமீட்டர். எஃகில் ஒலி ஏறக்குறைய நான்கு மடங்கு வேகம் என்பதால், எஃகுக்குள் 20 மில்லிமீட்டர் ஆழத்தில் குவிய வேண்டுமென்றால் அந்த 20ஐ நாலால் பெருக்கி 80ஐக் கழிக்க வேண்டும். மீதி 70. பல்சக்கர வேலையை விட லேசான கணக்குதான்.

சாய்வு விஷயத்தில் மட்டும் விளையாட முடியாது. தண்ணீரில் புரோப் 1 டிகிரி சாய்ந்தால் எஃகுக்குள் அது 4 டிகிரி. புரோப்பை இப்படியும் அப்படியும் அசைத்து, மேல் பரப்பின் எதிரொலி உச்சத்துக்கு வரும்போது திருகை இறுக்கினார். வட்டு சுழல, ஒவ்வொரு சுற்றுக்கும் புரோப் 1 மில்லிமீட்டர் உள்ளே நகரும். பெரும்பாலான வட்டுகளில் திரையில் எதிரொலிக்கு இரண்டே கூம்புகள், மேல் பரப்புக்கு ஒன்று, அடிப்பரப்புக்கு ஒன்று. நடுவே தரையோடு படுத்த கோடு. பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் வரும்.

ஒரு வட்டில் அந்தக் கோடு எழுந்தது. அதே இடத்தில் அடிப்பரப்பின் கூம்பும் தணிந்தது. ஆழம் 31 மில்லிமீட்டர். குமிழியாக இருக்கும் என்று அண்ணன் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. வட்டைப் புரட்டிப் போட்டுத் திரும்பவும் பார்த்தபோது 49. இரண்டையும் கூட்டினால் 80. அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

எஃகு கொடுத்தவர்கள் வாதாடினார்கள். தண்ணீரில் கண்டது தவறாக இருக்கும் என்றார்கள். அவர்கள் ஆள் முன்னிலையிலேயே அந்த இடத்தை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவினோம். நடுவில் கருத்த மெல்லிய கோடு ஒன்று வந்தது, உருக்கும்போது மாட்டிக்கொண்ட கசடு. வட்டுக்கு மாற்று தந்துவிட்டார்கள். அதுவரை கடைந்த கூலியை யார் தருவது என்ற பேச்சு மட்டும் இழுபறியாகவே போய், கடைசியில் எங்கள் தலையில் விடிந்தது.

அதனால் இப்போது வேலையின் வரிசையை மாற்றிவிட்டோம். இரண்டு முகங்களையும் சமமாகக் கடைந்ததும், இரு பக்கமும் சில மில்லிமீட்டர் கூடுதல் சதையோடு வட்டு தொட்டிக்குப் போகிறது. மேல் பரப்பின் எதிரொலி மறைக்கிற அந்தச் சொற்பப் பகுதி பிறகு கடைசல் சீவலோடு போய்விடும். நடுத்துளை, சாவிக்காடி எல்லாம் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகே. தொட்டியிலிருந்து எடுத்ததும் காற்றடித்து உலர்த்தி எண்ணெய் பூசுவதையும் கூலிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். நம் ஊர் ஈரப்பதத்துக்குச் சீவிய எஃகு ஓர் இரவு கூடத் தாங்காது.