விஸ்காம் முதலாண்டு: கேமரா வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

விஸ்காமில் (விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பில்) சேர்ந்த கையோடு எல்லோரும் கேட்கும் கேள்வி, "எந்த பாடி வாங்கலாம்?" என்பதுதான். பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை, கடைசியில் பாருங்கள். எதை எடுக்கப் போகிறீர்கள், அதற்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை மீட்டர், அங்கே வெளிச்சம் எப்படி என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த லென்ஸ் வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரின் நீளப் பக்கத்தை மி.மீ. கணக்கில் எடுத்துத் தூரத்தால் பெருக்குங்கள். படத்துக்குள் அடங்க வேண்டிய அளவால் அதை வகுத்தால் தேவையான குவியத் தூரம், அதாவது லென்ஸில் போட்டிருக்கும் மி.மீ. எண், வரும். நிக்கான், சோனி, ஃபியூஜியின் சிறிய ‘க்ராப்’ சென்சாரில் நீளப் பக்கம் சுமார் 23.5 மி.மீ.; கேனானில் இன்னும் ஒரு மி.மீ. குறைவு, பெரிய ‘ஃபுல் ஃப்ரேம்’ சென்சாரில் 36.

மார்கழியில் ஒரு சபாவில் பரதநாட்டியம் எடுக்கிறீர்கள், மேடைக்கு 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டால் செங்குத்துப் படத்தில் 2.5 மீட்டர் அடங்க வேண்டும். 23.5 பெருக்கல் 10, வகுத்தல் 2.5: 94 வரும். ஆக, க்ராப் பாடியில் 85 மி.மீ. லென்ஸ் சரியாக இருக்கும். அதே இருக்கையிலிருந்து ஃபுல் ஃப்ரேமில் எடுக்க 135 மி.மீ. வேண்டும். பாடியோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸோ 55-லேயே நின்றுவிடும்.

அடுத்தது வெளிச்சம். ஃபிளாஷ் போட விடமாட்டார்கள், போடவும் கூடாது. லென்ஸின் திறப்பு (அப்பர்ச்சர்) எஃப்/2.8, ஷட்டர் 1/250 நொடி, சென்சாரின் உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 3200-இல் படம் சரியாக வரும் மேடை என்றால், கிட் லென்ஸின் எஃப்/5.6-க்கு ஐ.எஸ்.ஓ. 12800 வரை ஏற்ற வேண்டும். முகத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும். எஃப் எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம் நுழையும்; 85 மி.மீ. எஃப்/1.8 போட்டால் 1250 போதும். இந்த வித்தியாசத்தைப் புது பாடி வாங்கி ஈடுகட்டுவதென்றால் செலவு பல மடங்காகும். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் லென்ஸுக்கே ஒதுக்குங்கள் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மேடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் பல எல்.ஈ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுக்கும். 1/250-இல் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரலாம். எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகவே விழும். ஷட்டரை 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் வேகமான கை அசைவு கலங்கும். தீர்மானம் (ஜதியை முடித்துவைக்கும் அடவுக் கோர்வை) முடிந்து ஆடுபவர் அசையாமல் நிற்கும் அந்தக் கணத்துக்குக் காத்திருந்து அழுத்துங்கள். பாடி பார்க்கும்போது ‘ஆன்ட்டி ஃப்ளிக்கர்’ வசதி உண்டா என்று கட்டாயம் பாருங்கள். கச்சேரி எடுப்பவர்களுக்கு உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா நல்லது. ஆலாபனை நடுவே டி.எஸ்.எல்.ஆரின் கண்ணாடி தூக்கும் ‘டக்’ சத்தம் முன்வரிசை முழுக்கக் கேட்கும்.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பறவைகளுக்கு அதே கணக்கு வேறு விடை தரும். 30 மீட்டரில் நிற்கும் நெடுங்கால் உள்ளானை க்ராப் பாடியில் 300 மி.மீ. போட்டு எடுத்தால் பறவை படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். 500 போட்டால் கால் பங்கு. பறக்கும் பறவைக்கு 1/2000 வேண்டும். அதே லென்ஸில் பறவை படத்தைக் கூடுதலாக நிறைப்பதால் இங்கே க்ராப் சென்சாரே லாபம். இதற்கென்று ஃபுல் ஃப்ரேம் வாங்காதீர்கள். காசிமேடு, மாட வீதி போன்ற தெருப் படங்களுக்கு 35 மி.மீ. எஃப்/1.8 ஒன்றே தாராளம்.

லென்ஸும் பாடியும் பொருந்தும் இடமான மவுண்ட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று நிக்கான் ஏ.எஃப். 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸை வாங்கி டி5600-இல் மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. ஃபோகஸைத் திருப்பும் மோட்டார் அந்த லென்ஸிலும் இல்லை, அந்த பாடியிலும் கிடையாது. பழைய லென்ஸைப் பொருத்தித் தரும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு நிக்கானின் மிரர்லெஸ் இசட் பாடியில் மாட்டினாலும் அதே கதைதான். ஏ.எஃப்-எஸ் என்று போட்டிருக்கும் லென்ஸில் மோட்டார் உள்ளேயே இருக்கும். கேனானின் ஈ.எஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆரில் மாட்டவே மாட்டாது.

ரிச்சி தெருப் பக்கம் பழைய லென்ஸ் பார்க்கப் போனால் போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் போல் கிளைத்து ஓடினால் அது பூஞ்சை, வேண்டாம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுமினுத்தாலும் வேண்டாம். பாடியும் பழையது என்றால் எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்து, படத்தைப் பெரிதாக்கிச் சென்சாரில் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிய பிறகு சென்னையின் ஈரக் காற்றிலிருந்து காப்பாற்ற வேண்டும். கேமராப் பையையும் துணி அலமாரியையும் நம்பாதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஆகிய மூன்றும் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். நீல ஜெல் ரோஸ் நிறமானால் வாணலியில் சிறுதீயில் வறுத்து, ஆறியதும் திரும்பப் போடுங்கள். ஏ.சி. அறையிலிருந்து மெரினாவுக்குப் போகும் நாளில் கேமராவை ஜிப் கவரில் போட்டே வெளியே எடுங்கள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் கண்ணாடியில் ஆவி படியாது. மணலில் நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம். எது வேண்டுமோ அதை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போங்கள்.