மறுபடியும் ஹெலி: எதை வாங்குவது?

2025 ஜனவரி 5, ஞாயிறு

ரிமோட்டில் பறக்கும் ஆர்சி ஹெலிகாப்டருக்குத் திரும்புவது என்று முடிவாகிவிட்டது. எலக்ட்ரிக்தான், அதில் சந்தேகமே இல்லை. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. மூன்று வழிகள் தெரிகின்றன. பரணில் இருக்கும் என் பழைய ஹெலி டி-ரெக்ஸ் 450ஐ உயிர்ப்பிக்கலாம். இப்போது எல்லோரும் பேசுகிற உள்ளங்கை அளவு ஹெலிகளில் ஒன்றை வாங்கலாம். இல்லையென்றால், அந்த நாளில் கைக்கு எட்டாமல் போன, இன்னும் பெரிய 550 அளவுக்கு நேராகப் போகலாம்.

முதலில் 450ஐ இறக்கிப் பார்த்தேன். தைவானின் அலைன் நிறுவனத் தயாரிப்பு. 325 மி.மீ. பிளேடு, டெயில் ரோட்டாரைச் சுற்ற பெல்ட், ரோட்டார் தலையில் ஃப்ளைபார் என்ற குறுக்குக் கம்பி. பிளேடு கிரிப்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். தலைக்குள் இருக்கும் டாம்பர் ரப்பர் கல்லாக இறுகிப் போயிருக்கிறது. டெயில் பெல்ட் மடிந்த இடத்தில் மடிந்தபடியே நிற்கிறது. மெயின் ஷாஃப்டை விரலால் உருட்டினால் மேல் பேரிங்கில் நறநறவென்று மணல் அரைக்கும் சத்தம். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகள் உப்பிவிட்டன. அவற்றை சார்ஜரில் மாட்டவே கூடாது, மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

அலுமினியத் தலை மட்டும் புதுசு மாதிரி மின்னுகிறது. அதன் அழகே தனி.

2025 ஜனவரி 12, ஞாயிறு

இந்த வாரம் முழுக்கப் படித்ததில் ஒன்று தெளிவு. விட்டுப் போன காலத்தில் மாறியது ஹெலி மட்டும் இல்லை, ரிமோட்டும் அடியோடு மாறிவிட்டது.

நான் பறக்கவிட்டது, அலைவரிசைக்கு ஏற்ப கிரிஸ்டல் மாற்றும் எஃப்எம் ரிமோட்டில். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஆன் செய்தால் ஒருவருடைய ஹெலி விழுந்தே தீரும். அதனால் மைதானத்தில் ஆளுக்கு ஒரு அலைவரிசை கிளிப் எடுத்துச் செருகிக்கொண்டுதான் ரிமோட்டைத் தொடுவோம். இன்று எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஹெலியில் இருக்கும் ரிசீவரும் ரிமோட்டும் ஒருமுறை பைண்ட் ஆனால், அதாவது ஜோடி சேர்ந்தால், பக்கத்தில் பத்துப் பேர் பறக்கவிட்டாலும் கவலை இல்லை. ரேடியோமாஸ்டர் மாதிரி ரிமோட்டுகளில் எட்ஜ்டிஎக்ஸ் என்ற திறந்த மென்பொருள் ஓடுகிறது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரேடியோ இணைப்பும் அப்படியே திறந்த மூலம்தான்.

ஹெலியின் தலையிலும் அதே கதை. ஃப்ளைபார் என்ற அந்தக் குறுக்குக் கம்பியும் நுனியில் இருந்த துடுப்புகளும் போய்விட்டன. அவை இயந்திர முறையில் செய்த வேலையை ஹெலி திரும்புவதை உணரும் மூன்று அச்சு கைரோ உள்ள ஒரு சின்னப் பெட்டி செய்கிறது. ரிசீவருக்கும், பிளேடின் கோணத்தை அசைக்கும் சர்வோ மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து நொடிக்குப் பல நூறு தடவை திருத்துகிறது. முன்பு எனக்கு டெயிலுக்கு மட்டும் ஃபுடாபா ஜிஒய்401 கைரோ இருந்தது, அதுவே பெரிய விஷயம். இப்போது பீட்டாஃப்ளைட் என்ற ட்ரோன் மென்பொருளிலிருந்து கிளைத்த ரோட்டர்ஃப்ளைட்டை சும்மா இறக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. விழுந்தால் உடையும் பாகம் குறைவு. ஃப்ளைபார் தலையில் மிக்ஸிங் ஆர்ம், குட்டி லிங்க், துடுப்பு என்று ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். இதில் அத்தனையும் இல்லை.

ஆக, முதல் பணம் ரிமோட்டுக்கு. ஹெலி வரும் போகும், நல்ல ரிமோட் நிற்கும். பல நிறுவன ரிசீவர்களோடு பேசும் 4-இன்-1 மாட்யூல் உள்ளதை வாங்குகிறேன்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

ரிமோட் வந்தது. யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்தால் ஜாய்ஸ்டிக் ஆகிவிடுகிறது. பொங்கல் விடுமுறையில் தொடங்கி தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சிமுலேட்டர்தான்.

வால் நம்மைப் பார்த்தபடி ஹோவர் செய்வது, அதாவது ஒரே இடத்தில் நிறுத்துவது, முதல் ராத்திரியிலேயே திரும்பி வந்துவிட்டது. கை மறக்கவில்லை. பக்கவாட்டு ஹோவரும் பரவாயில்லை. மூக்கு நம்மைப் பார்க்கும்போதுதான் எல்லாம் தலைகீழ். ஹெலி நமக்கு இடப்பக்கம் சாய்ந்தால் குச்சியையும் அதே பக்கம், தாழ்ந்த பிளேடுக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி தள்ள வேண்டும். யோசித்துச் செய்ய நேரம் கிடையாது, விரல் தானாகப் போக வேண்டும். இது சிமுலேட்டரில் வராமல் நிஜ ஹெலியை மேலே எழுப்பப் போவதில்லை.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

கோவையில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் நண்பர்கள் பறக்கவிடும் தரிசு நிலத்துக்குக் காலையிலேயே போனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெறிகொண்டு வீச இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. இந்தப் பருவத்துக் காலைகள் ஹெலிக்கென்றே செய்தவை.

550 ஒன்று பறந்தது. 6எஸ், அதாவது ஆறு செல் பேட்டரி. அப்படியே வானத்தில் ஆணி அடித்ததுபோல நின்றது. பெரிய ஹெலிதான் பறக்கவிடச் சுலபம் என்பது உண்மைதான். மெதுவாக அசையும், தூரத்திலும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் விழுந்தால்? பிளேடு, ஷாஃப்ட், மெயின் கியர், டெயில் பூம் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். அதைவிட, அந்தப் பிளேடுகளின் வேகம். என் 450க்கே கணக்குப் போட்டேன்: ரோட்டார் விட்டம் 70 செ.மீ., நிமிடத்துக்கு 2,800 சுற்று. நுனி மணிக்கு 370 கி.மீ. வேகத்தில் போகிறது. 550இல் அதே வேகத்தில் போவது எவ்வளவோ கனமான பிளேடு. கை சரளமாகும் வரை அதன் பக்கத்தில் நிற்க எனக்கு விருப்பமில்லை.

அப்புறம் உள்ளங்கை ரகத்தில் ஓஎம்பி எம்2. ரோட்டார் விட்டம் 40 செ.மீ., சின்ன 3எஸ் பேட்டரி. பல் சக்கரமே கிடையாது. மெயின் ஷாஃப்டை மோட்டார் நேராகச் சுற்றுகிறது. வாலில் பெல்ட்டும் இல்லை, தனியாக ஒரு குட்டி மோட்டார். வைத்திருப்பவர் என்னைவிட மூத்தவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணா. சொன்னார்: “தம்பி, எது நல்லாப் பறக்குதுன்னு கேக்காதீங்க, இப்ப எல்லாமே நல்லாத்தான் பறக்குது. விழுந்தா அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள எதை எந்திரிக்க வைக்க முடியும்னு பாருங்க.”

நேரடி மோட்டாருக்கும் குறை உண்டு. பல் சக்கரம் உள்ள ஹெலியில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஒன்-வே பேரிங் இருப்பதால், மோட்டார் நின்றாலும் ரோட்டார் தன் பாட்டுக்குச் சுற்றும், ஆட்டோரொட்டேஷனில் இறக்கலாம். நேரடி இணைப்பில் ரோட்டார் மோட்டாரையும் சேர்த்து இழுக்க வேண்டும். வால் மோட்டாரும், பேட்டரி இறங்கிய நேரத்தில் சட்டென்று பிட்சை (பிளேடின் கோணத்தை) ஏற்றினால் திணறும். ஹோவரும் எட்டுப் போடுவதும் பழகுகிறவனுக்கு இவை தடையில்லை.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது 2022இல் இதே தேதியில்தான். உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. நம் ஹெலியைச் சுங்கத்தில் எந்தக் கணக்கில் பார்ப்பார்கள் என்பது அந்த மேசையில் இருப்பவரைப் பொறுத்தது. ஆகவே முழு ஹெலியை வெளியிலிருந்து தருவிக்கும் யோசனையை விட்டேன். உள்ளூரில் ஏற்கெனவே இருக்கும் ஹெலி, ஸ்பேர் இங்கேயே கிடைக்கும் ஹெலி. இந்த இரண்டுக்குள்தான் தேர்வு.

ட்ரோன் விதிகள் 2021ஐயும் எடுத்துப் படித்தேன். 250 கிராம் வரை நானோ. எம்2ஐவிடச் சின்ன எம்1 அதற்குள் அடங்கும், எம்2 தாண்டிவிடும். எடை எதுவானாலும் இடத்தைப் பார்க்க வேண்டும். நமக்குப் பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில் 400 அடிக்குக் கீழே. நான் 50 அடிக்கு மேல் போகப் போவதில்லை, ஆனாலும் வரைபடத்தைப் பார்க்காமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

2025 பிப்ரவரி 16, ஞாயிறு

முடிவு: எம்2. அண்ணாவிடம் இருந்த இரண்டாவது ஹெலியையே ஸ்பேர் டப்பாவோடு வாங்கிக்கொண்டேன். 450இன் டாம்பர், பெல்ட், பேரிங், ரிசீவர், கைரோ எல்லாம் மாற்றினால் ஆகும் செலவில் இதை வாங்கிவிடலாம், மிச்சமும் இருக்கும்.

பழைய ஹெலி வாங்குகிறவர்கள் இதைச் செய்யுங்கள். பிளேடைக் கழற்றிவிட்டு, கிரிப்புகளுக்குள் ஓடும் ஃபெதரிங் ஷாஃப்டை வெளியே எடுத்துக் கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். வளைந்திருந்தால் அடியில் வெளிச்சம் வந்து வந்து போகும். நான் உருட்டியதில் லேசாக வந்தது. டப்பாவிலேயே புதியது இருந்தது, மாற்றியாயிற்று. சர்வோ ஆர்மை விரலால் மெதுவாக முழு தூரமும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் தட்டினால் உள்ளே பல் போயிருக்கிறது. உலோகத்துக்குள் போகும் ஒவ்வொரு திருகிலும் திருகு கழலாமல் பிடிக்கும் நீல நிறத் திரெட்லாக் பசை ஒரு பொட்டு இருக்க வேண்டும்.

2025 மார்ச் 2, ஞாயிறு

ஆறரை மணிக்குக் காற்றே இல்லை. பிளேடுகள் இரண்டும் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து பார்த்தேன், ஒரே கோடு. இடுப்பு உயரத்துக்கு எழுப்பிப் பிடித்தேன். ஃப்ளைபார் காலத்தில் கட்டைவிரல் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். இது விட்ட இடத்தில் நிற்கிறது. குச்சியின் நடுப்பகுதியை மென்மையாக்கும் எக்ஸ்போவை 25க்கு வைத்ததும் கைக்கு இன்னும் இதமாகிவிட்டது. மூக்கைத் திருப்பி என்னைப் பார்க்க வைத்து ஒரு பேட்டரி முழுக்க நின்றேன். சிமுலேட்டருக்குக் கொடுத்த ராத்திரிகள் அத்தனையும் அந்த ஒரு பேட்டரியில் தெரிந்தன. எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

டைமரை நான்கு நிமிடத்தில் வைத்திருக்கிறேன். இறங்கியதும் செல்லுக்கு 3.75 வோல்ட் இருந்தது, இது போதும். பறக்காத பேட்டரிகளை 3.8க்குக் கொண்டுவந்துதான் பெட்டியில் வைப்பேன்.

வாங்க வேண்டியவை: பிளேடு இரண்டு ஜோடி, ஃபெதரிங் ஷாஃப்ட், லேண்டிங் கியர், ஒரு வால் மோட்டார். 450இன் தலையைக் கழற்றி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஃப்ளைபார் இல்லாத தலை ஒன்று யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், ரோட்டர்ஃப்ளைட் பழக 450இன் சட்டகம் நன்றாக உதவும்.