சூப்பர்கா குன்றின் பின்சுவர்

இத்தாலியின் டூரின் நகரில் இரண்டு கால்பந்து கிளப்புகள். வெளியூர்க்காரர்கள் யுவென்டஸைப் பார்க்க வருகிறார்கள். நான் போனது டொரினோவுக்காக.

முதல் நாள் ஃபிலடெல்ஃபியா மைதானத்துக்குப் போனேன். 1926-இல் திறந்த மைதானம் அது. 1943 ஜனவரிக்குப் பிறகு ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக டொரினோ இங்கே ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆட்டம் மந்தமானால் ரசிகராக வந்த ரயில்வே ஊழியர் ஒருவர் எக்காளம் ஊதுவாராம். கேப்டன் வாலன்டினோ மட்ஸோலா சட்டைக் கையை மடித்துவிடுவார். அடுத்த கால் மணி நேரம் எதிரணிக்கு மூச்சுவிட முடியாது. இந்த மைதானத்தை 1997-இல் இடித்துவிட்டார்கள். எனக்கு அது மன்னிக்க முடியாத காரியம். 2017-இல் பயிற்சி மைதானமாக மீண்டும் எழுப்பியபோது, பழைய பார்வையாளர் படிகளில் மிஞ்சிய துண்டுகளை அப்படியே நிற்கவிட்டிருக்கிறார்கள். காரை உதிர்ந்த அந்தப் படிகளின் முன்னால் நெடுநேரம் நின்றேன்.

மறுநாள் சஸ்ஸி நிலையத்தில் பல்சக்கர டிராம் ஏறினேன். மரங்களுக்கு நடுவே அது மெதுவாக ஊர்ந்து சூப்பர்கா குன்றின் உச்சியில் கொண்டுபோய் விட்டது. அங்கிருக்கும் பசிலிக்கா தேவாலயத்தின் முன்வாசலில் எல்லோரும் ஆல்ப்ஸ் மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

1949 மே 4, மாலை 5 மணியைத் தாண்டிச் சில நிமிடங்கள். குன்றை மேகம் மூடியிருந்தது. லிஸ்பனில் பென்ஃபிகா கிளப்புடன் நட்பு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பிய டொரினோ அணியின் விமானம் இந்தப் பின்சுவரில் மோதியது. 31 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களில் 18 பேர் ஆட்டக்காரர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹங்கேரியை எதிர்த்து இத்தாலி இறக்கிய பதினொருவரில் பத்துப் பேர் டொரினோக்காரர்கள் என்றால், அன்று அந்த நாடு எதை இழந்தது என்பது புரியும். இத்தாலிக்கு இரண்டு உலகக் கோப்பைகளை வென்று தந்த பயிற்சியாளர் விட்டோரியோ போட்ஸோதான் உடல்களை அடையாளம் காட்டினார். அவர் வளர்த்த பிள்ளைகள்.

அந்தப் பருவத்தின் லீக்கில் மீதமிருந்த நான்கு ஆட்டங்களில் டொரினோ இளையோர் அணியை இறக்கியது. எதிரணிகளும் மரியாதைக்காக இளையோரையே அனுப்பின. பட்டம் டொரினோவுக்கே போனது. போரால் லீக் தடைபட்ட காலத்தை விட்டுவிட்டால், தொடர்ந்து ஐந்தாவது பட்டம் அது.

அதற்குப் பிறகு 1976-இல் ஒரே ஒரு முறைதான் சாம்பியன். 2005-இல் கிளப் திவாலாகி, புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு மே 4 அன்றும் இந்த ஊர் குன்றேறி வருகிறது. அந்தந்த ஆண்டின் டொரினோ கேப்டன் இந்தச் சுவரின் முன் நின்று 31 பெயர்களையும் உரக்கப் படிக்கிறார். வெற்றியைப் பார்த்து ரசிகரானவர்களை எனக்குத் தெரியும். இவர்கள் வேறு வகை.

நான் போனது சாதாரண நாள். கல்வெட்டின் ஓரத்தில் டொரினோவின் மாதுளை நிறக் கழுத்துத்துண்டுகள் மழையில் நனைந்து வெளுத்துக் கிடந்தன. மற்ற கிளப்புகளின் துண்டுகளும் அவற்றோடு இருந்தன. ஆட்டக்காரர்களின் பெயர்களை வாய்விட்டுப் படித்தேன். பச்சிகலூப்போ. பல்லாரின். மறுபடியும் பல்லாரின்: ஆல்டோ, டினோ, அண்ணன் தம்பி இருவரும் அதே விமானத்தில். அங்கே குரல் கம்மியது. கடைசிப் பெயரான ஷுபர்ட்டை எட்டுவதற்குள் டிராம் கிளம்பும் நேரமாகிவிட்டது. முழுவதும் படித்துவிட்டு அடுத்த டிராமில் இறங்கினேன்.